பிக்கப் வாகனத்தில் கேம்பர் அறை: மலைப்பாதைக்கு முன் எடை மேடை, தேர்வு செய்வது எப்படி?

கொச்சி: பிக்கப் வாகனத்தின் சரக்குத் தளத்தில் ஏற்றி இறக்கக்கூடிய கேம்பர் அறையுடன் பயணம் செய்ய விரும்புவோர், எஞ்சின் திறனையோ நான்கு சக்கர இயக்கத்தையோ பார்ப்பதற்கு முன்பு, அந்த வாகனம் சட்டப்படி எத்தனை கிலோ சுமக்கலாம் என்பதை உறுதி செய்ய வேண்டும். அதிக விலையுள்ள சொகுசு பிக்கப்பைவிட, மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகு, சுக்கு மூட்டைகளை ஏற்றிச் செல்லும் சாதாரண சரக்கு பிக்கப்பே இந்தப் பணிக்கு ஏற்றதாக அமைவது உண்டு. ஆனால் அதன் சுமைத்திறனும், தாழ்வாக அடுக்கப்படும் மூட்டைகளை மனதில் கொண்டு வகுக்கப்பட்டதே. உயரமான அறைக்கு அதை அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

வாகனத் தேர்வு, எடைக் கணக்கு, சாலைப் பாதுகாப்பு, சட்ட விதிகள் ஆகியவை குறித்த விளக்கம் வருமாறு:

கேம்பர் அறை என்பது என்ன?

கூரை, தரை, பக்கச் சுவர்கள் ஆகியவற்றுடன் தனி அலகாகத் தயாரிக்கப்பட்டு, பிக்கப்பின் சரக்குத் தளத்தில் பொருத்தவும், பயணம் முடிந்ததும் உரிமையாளரே இறக்கி வைக்கவும் கூடிய அறையே இது. படுக்கை, சிறிய சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, மின்கலம் ஆகியவை இதனுள் இருக்கும். நிரந்தரமாக மாற்றியமைக்கப்பட்ட கேரவன் வாகனத்துக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, அறையை இறக்கிய பிறகு பிக்கப்பை வழக்கமான வேலைக்குப் பயன்படுத்தலாம் என்பதாகும்.

அமெரிக்காவில் பரவலாக உள்ள இந்த அறைகள் இந்தியாவில் இன்னும் அரிதானவை. எனினும் கேரள அரசு 2021ஆம் ஆண்டு 'கேரவன் கேரளா' என்ற சுற்றுலாத் திட்டத்தை அறிவித்து, மாநிலத்தின் முதல் கேரவன் பூங்கா 2022ஆம் ஆண்டு வாகமண்ணில் திறக்கப்பட்ட பிறகு, வாகனத்திலேயே தங்கிப் பயணம் செய்யும் முறை மீதான ஆர்வம் கூடியுள்ளது. கொச்சியில் கடல் மட்டத்தில் புறப்படும் வாகனம், சுமார் 130 கிலோமீட்டரில் மூணாறின் 1,500 மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. அங்கிருந்து போடிமெட்டு வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கும் பாதை கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. எடைக் கணக்கில் செய்யும் பிழை சமவெளியில் வெளிப்படாமல் இருக்கலாம். மலைப்பாதையில் அது மறைந்திருக்காது.

சொகுசு பிக்கப்பும் சரக்கு பிக்கப்பும்

இந்தியச் சந்தையில் பிக்கப் வாகனங்கள் இரு வகைப்படும். முதல் வகை, தனிநபர் பயன்பாட்டுக்கான இரட்டைக் கேபின் வாகனங்கள். 2016ஆம் ஆண்டு அறிமுகமான இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2022ஆம் ஆண்டு அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றின் எஞ்சின் வலிமையானது. நான்கு சக்கர இயக்கமும் உண்டு. ஆனால் ஐந்து பேர் அமரும் கேபின் பெரும்பகுதி நீளத்தை எடுத்துக்கொள்வதால், சரக்குத் தளத்தின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர் மட்டுமே. அனுமதிக்கப்பட்ட சுமையும் சில நூறு கிலோ அளவிலேயே உள்ளது.

இரண்டாவது வகை, ஒற்றைக் கேபின் கொண்ட சரக்கு வாகனங்கள். மகிந்திரா பொலேரோ பிக்கப் வரிசையில் 1.7 டன் சுமக்கும் வாகனங்கள் உள்ளன. டாடா மோட்டார்ஸ் 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிமுகம் செய்த யோதா 2.0 வாகனத்தின் சுமைத்திறன் 2 டன். இவற்றின் தளமும் எட்டு, ஒன்பது அடி நீளம் வரை கிடைக்கிறது. வசதிகள் குறைவு என்றாலும் சேசிஸ், பின் அச்சு, லீஃப் ஸ்பிரிங் பட்டைகள் அனைத்தும் சுமையைத் தாங்குவதற்கென்றே அமைக்கப்பட்டவை.

இழுவைத் திறனும் சுமைத்திறனும் வேறு வேறு என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும். இழுவைத் திறன், பின்னால் கோத்து இழுக்கப்படும் டிரெய்லருக்கு உரியது. கேம்பர் அறையோ முழு எடையையும் வாகனத்தின் முதுகின் மீதே வைக்கிறது. எனவே விளம்பரத்தில் இடம்பெறும் குதிரைத்திறன், இழுவைத் திறன் போன்ற எண்கள் இங்கு விடை தருவதில்லை.

எடைக் கணக்கு

கணக்கிடும் முறை எளிமையானது. பதிவுச் சான்றில் குறிப்பிடப்பட்டுள்ள மொத்த வாகன எடையிலிருந்து, எரிபொருள் நிரப்பிய நிலையில் எடை மேடையில் அளந்த வாகனத்தின் உண்மையான எடையைக் கழிக்க வேண்டும். எஞ்சியிருப்பதே பயணிகள், அறை, பொருட்கள் அனைத்துக்கும் சேர்த்து உள்ள அளவு. இரும்பு பம்பர், கூடுதல் சக்கரம், மேற்கூரைத் தாங்கி என உரிமையாளர் சேர்த்த ஒவ்வொன்றும் இந்த அளவைக் குறைத்திருக்கும் என்பதால், விற்பனைக் கையேட்டில் உள்ள காலி எடையை மட்டும் நம்புவது சரியல்ல.

உதாரணமாக, மொத்த எடை 2,950 கிலோ அனுமதிக்கப்பட்ட ஒரு பிக்கப்பின் காலி எடை 1,700 கிலோ என்று கொள்வோம். எஞ்சுவது 1,250 கிலோ. இதில் 650 கிலோ எடையுள்ள கேம்பர் அறை ஏற்றப்படுகிறது. மீதம் ஏராளமாக இருப்பது போல் தோன்றும். ஆனால் 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ; வீட்டு உபயோக எரிவாயு உருளையின் எடைக்கு நிகரான சமையல் எரிவாயு ஏற்பாடு 30 கிலோ; மின்கலமும் சூரிய மின் தகடும் 90 கிலோ; படுக்கை, பாத்திரம், உணவு, உடைகள் 120 கிலோ; அறையைத் தூக்கும் ஜாக்கிகளும் பிணைப்புக் கம்பிகளும் 40 கிலோ; ஓட்டுநரும் உடன் பயணிப்பவரும் 140 கிலோ. மொத்தம் 1,170 கிலோ. எஞ்சியது 80 கிலோ மட்டுமே.

அதே அறையை, 450 கிலோ மட்டுமே சுமக்க அனுமதி பெற்ற ஓர் இரட்டைக் கேபின் வாகனத்தில் ஏற்றினால், ஒரு குடம் தண்ணீர் கூட நிரப்பாத நிலையிலேயே 200 கிலோ அதிகச் சுமை ஆகிவிடும்.

இந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் விதிகள், ஒவ்வொரு கேம்பர் அறையிலும் அதன் அதிகபட்ச எடையைக் குறிக்கும் வில்லை இருக்க வேண்டும் என்று கூறுகின்றன. தண்ணீர், எரிவாயு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை உட்பட அந்த எடை கணக்கிடப்பட வேண்டும். பிக்கப் தயாரிப்பாளரும் ஓர் இருக்கைக்கு 68 கிலோ வீதம் பயணிகளின் எடையைத் தனியாக ஒதுக்கிய பிறகே சரக்குச் சுமை அளவைக் குறிப்பிட வேண்டும். அறையின் ஈர்ப்பு மையம் சரக்குத் தளத்தில் எந்த எல்லைக்குள் அமைய வேண்டும் என்பதையும் அவர் தெரிவிக்க வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் அறை செய்து வாங்குவோர் இந்த மூன்று விவரங்களையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது பயன் தரும்.

எடை எங்கு விழுகிறது?

மொத்த எடை வரம்புக்குள் இருந்தாலும், அது இரு அச்சுகளுக்கும் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பது தனிக் கேள்வி. அறையின் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு நேர் மேலோ அல்லது சற்று முன்னாலோ அமைய வேண்டும். பின்னால் தள்ளிப்போனால் வாகனம் ஊஞ்சல் பலகை போலச் செயல்படும்.

மேற்கண்ட உதாரணத்தில் பயணிகள் நீங்கலாக அறையும் பொருட்களும் 1,030 கிலோ. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 3.1 மீட்டர் என்றும், ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் உள்ளது என்றும் கொண்டால், முன் அச்சிலிருந்து சுமார் 100 கிலோ குறைந்துவிடும். பின் அச்சின் மீது 1,130 கிலோ விழும். முன் சக்கரங்களின் பிடிப்பு குறைவதால் ஸ்டீயரிங் இலகுவாகிவிட்டது போல் தோன்றும். ஈரமான வளைவில் திருப்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதுவே ஆபத்தாகும். குட்டையான தளம் கொண்ட இரட்டைக் கேபின் வாகனங்களில் அறையின் பெரும்பகுதி பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் இச்சிக்கல் அதிகம். தண்ணீர்த் தொட்டி, மின்கலம் போன்ற கனமான பொருட்களை அறையின் தரையை ஒட்டி, முன்பகுதியில் வைப்பது சிறந்தது.

எடை மேடையில் முழு வாகனத்தையும் ஒரு முறை, முன் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்தி ஒரு முறை என மூன்று முறை அளந்தால் இந்தப் பங்கீடு தெரிந்துவிடும்.

உயரம் கூடினால் வேகம் குறைய வேண்டும்

மிளகு மூட்டைகளும் கேம்பர் அறையும் ஒரே எடை என்றாலும் சாலையில் ஒரே சுமை அல்ல. மூட்டைகள் தளத்தை ஒட்டிக் கிடக்கும். அறையின் ஈர்ப்பு மையமோ தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கக்கூடும்.

சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைப்பது வாகனத்தின் நிலைத்தன்மை எண். அகலம் 1.5 மீட்டரும் ஈர்ப்பு மைய உயரம் 0.7 மீட்டரும் உள்ள காலி பிக்கப்புக்கு இது 1.07. மேற்கண்ட அறையை ஏற்றியதும் மொத்த ஈர்ப்பு மையம் ஏறக்குறைய 0.99 மீட்டருக்கு உயர்ந்து, அந்த எண் 0.76 ஆகக் குறைகிறது. கணக்குப்படி, ஒரு வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் கவிழும் நிலையை எட்டும் வாகனம், அறையுடன் 50 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்த நிலையை எட்டிவிடும். ஸ்பிரிங்குகளும் டயர்களும் சாய்ந்து கொடுப்பதால் உண்மையான வரம்பு இதைவிடவும் குறைவு.

பக்கவாட்டுக் காற்றும் கவனிக்கப்பட வேண்டியது. கொச்சியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் பாதை பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்த இடைவெளியில் வீசும் காற்று, உயரமான பக்கச் சுவர் கொண்ட வாகனத்தைச் சட்டென்று ஒருபுறம் தள்ளக்கூடும். கூரையை மடக்கித் தாழ்த்தக்கூடிய அறைகள் இந்த வகையில் பாதுகாப்பானவை, எடையும் குறைவு.

டயர், ஸ்பிரிங், பிரேக்

டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டுள்ள சுமைக் குறியீட்டு எண்ணைப் படித்தறிய வேண்டும். 100 என்ற எண் ஒரு டயர் 800 கிலோ தாங்கும் என்பதையும், 108 என்பது 1,000 கிலோவையும், 112 என்பது 1,120 கிலோவையும் குறிக்கும். உதாரண வாகனத்தில் பின் அச்சின் சொந்த எடை 700 கிலோ எனில், அறையுடன் அது 1,830 கிலோவாகும். பயணிகளின் எடையில் ஒரு பங்கும் இதனுடன் சேரும். ஒவ்வொரு டயருக்கும் 900 கிலோவுக்கு மேல். எனவே 100 என்ற குறியீடு கொண்ட டயர் போதாது. அந்தச் சுமைக்குத் தயாரிப்பாளர் பரிந்துரைத்த காற்றழுத்தத்தை, டயர் சூடாவதற்கு முன்பே சரிபார்க்க வேண்டும்.

பின்பகுதி தாழ்ந்து போனால் கூடுதல் ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது வழக்கம். இதனால் வாகனம் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அதன் சட்டபூர்வ சுமைத்திறன் ஒரு கிலோ கூட உயராது. சேசிஸ், அச்சு, சக்கரத் தாங்கி, பிரேக் ஆகியவை முன்பிருந்த நிலையிலேயே இருக்கும். மேலும், பல பிக்கப்களில் பின்பகுதி எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதைக் கொண்டு பின் பிரேக்கின் அழுத்தத்தை நிர்ணயிக்கும் வால்வு உள்ளது. கூடுதல் பட்டையால் பின்பகுதி உயர்ந்தே இருந்தால், சுமை இல்லை என்று அந்த வால்வு கருதி, தேவைப்படும் நேரத்தில் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஸ்பிரிங்கில் மாற்றம் செய்தால் இந்த வால்வையும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் சரிசெய்வது அவசியம்.

மலையிறக்கத்தில் பிரேக்கில் உருவாகும் வெப்பம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும். இரு பயணிகளுடன் 1,840 கிலோவாக இருந்த வாகனம் 2,870 கிலோவாகும்போது, அதே இறக்கத்தில் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சமாளிக்க வேண்டியிருக்கும். 'ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும்' என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் கூறும் பழைய விதி இதற்காகவே ஏற்பட்டது.

பொருத்துதலும் பிணைப்பும்

வெளிநாட்டு அறைகள், நிலையான பக்கச் சுவர் கொண்ட தொட்டி போன்ற சரக்குத் தளத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. இந்தியச் சரக்கு பிக்கப்களின் பக்கப் பலகைகளோ பெரும்பாலும் கீழ்நோக்கித் திறப்பவை. எனவே அறையைப் பக்கப் பலகையுடன் கட்டக் கூடாது. சேசிஸுடன் இணைந்த வலுவான கொக்கிகளில் நான்கு மூலைகளிலும் பிணைக்க வேண்டும். அறைக்கும் தளத்துக்கும் இடையில் தடித்த ரப்பர் விரிப்பு இட்டால் வழுக்குவது குறையும். முதல் சில கிலோமீட்டர் ஓடிய பிறகு பிணைப்புகள் தளர்ந்துள்ளனவா என்று பார்ப்பது நல்லது. பின்புற விளக்குகளும் பதிவெண் பலகையும் மறைக்கப்படாமல் இருக்க வேண்டும்.

சட்டம் கூறுவது என்ன?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கத் தடை விதிக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி அளித்த தீர்ப்பும், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறான மாற்றங்களை அனுமதிக்க முடியாது என்று உறுதி செய்தது. அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182-ஏ பிரிவு வழிசெய்கிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் கண்ணூர் மாவட்டத்தில், பயண வீடியோக்கள் வெளியிட்டு வந்த சகோதரர்கள் இருவரின் மாற்றியமைக்கப்பட்ட வேனை மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது மாநிலம் முழுவதும் பேசப்பட்டது.

அனுமதிக்கப்பட்ட எடையைத் தாண்டினால் 194ஆவது பிரிவின்படி ரூ.20,000 அபராதமும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000 வீதமும் விதிக்கப்படும். அதிகச் சுமையை இறக்கும் செலவும் உரிமையாளரையே சேரும். சுமை பக்கவாட்டிலோ, முன்னும் பின்னுமோ, உயரத்திலோ வரம்பை மீறி நீட்டிக்கொண்டிருந்தாலும் ரூ.20,000 அபராதம் உண்டு. வாகனத்தின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதும் விதி.

தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், மத்திய அரசின் 2004ஆம் ஆண்டு அறிவிக்கையில் போக்குவரத்து அல்லாத வாகனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நிரந்தரமாக அமைக்கப்படும் மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற பாதுகாப்புத் தரநிலை உள்ளது. இறக்கி வைக்கக்கூடிய அறை என்பதாலேயே அது வெறும் சரக்காகக் கருதப்படும் என்று தாமாக முடிவு செய்துகொள்வது உகந்ததல்ல. சேசிஸில் துளையிடுவது, பக்கப் பலகையை வெட்டுவது, கேபினின் பின்சுவரில் வழி திறப்பது ஆகியவை தெளிவான மாற்றங்கள். சரக்குத் தளத்தில் உள்ள அறைக்குள், வாகனம் ஓடும்போது எவரும் பயணிக்கக் கூடாது. அறைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பு, வாகனம் பதிவு செய்யப்பட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக விளக்கம் பெற வேண்டும். கே.எல்.43 என்ற பதிவெண் வரிசை கொண்ட வாகனங்களுக்கு அது மட்டாஞ்சேரி துணை வட்டாரப் போக்குவரத்து அலுவலகமாகும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல் தெரிவித்து ஒப்புதல் பெறாவிட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு கோருவதில் சிக்கல் ஏற்படலாம்.

நின்ற பிறகும் எச்சரிக்கை

ஆபத்து சாலையில் மட்டும் இல்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவே காரணம் என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரியவந்தது. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, உறங்குபவரை எழுப்புவதில்லை. கேம்பர் அறையில் ஜெனரேட்டரைப் பொருத்தக் கூடாது. எரிவாயு அடுப்பை மூடிய அறையில் எரியவிட்டு உறங்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது என்பதால், கசிந்தால் வெளியேற உருளை வைக்கும் பெட்டியின் அடிப்பகுதியில் திறப்பு அவசியம். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, கதவைத் தவிர மற்றொரு வெளியேறும் வழி ஆகியவையும் இருக்க வேண்டும்.

பழைய வாகனம் வாங்குவோர் கவனத்துக்கு

கொச்சி போன்ற கடலோர நகரங்களில் ஓடிய வாகனங்களை உப்புக் காற்று அரிக்கிறது. தாழ்வான தெருக்களில் வேலியேற்றத்தின்போது புகும் உவர்நீரும் சேசிஸ், ஸ்பிரிங் தாங்கிகள், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைத் துருப்பிடிக்கச் செய்யும். மேலே புதிதாக வண்ணம் பூசப்பட்ட பழைய பிக்கப்பை, மெக்கானிக் உதவியுடன் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்த்த பிறகே வாங்க வேண்டும். துருவேறிய சேசிஸின் சுமைத்திறன், பதிவுச் சான்றில் உள்ள எண்ணுக்குச் சமமாக இருக்காது.

தேர்வு செய்யும் வரிசை

முதலில் அறையையும், அதில் ஏற்றப்படும் பொருட்களையும் பட்டியலிட்டு மொத்த எடையைக் கணக்கிட வேண்டும். பயணிகளின் எடையைச் சேர்த்து, பத்து முதல் இருபது சதவீதம் வரை இருப்பு வைத்து, அதற்கு ஈடான சுமைத்திறன் உள்ள பிக்கப்பைத் தேட வேண்டும். பின்னர் தளத்தின் நீளம், பின் அச்சின் வரம்பு, டயர் குறியீடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகு பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் ஒப்புதல் பெற வேண்டும். இறுதியாக, தண்ணீர் நிரப்பி, பொருட்கள் அனைத்தையும் ஏற்றி, பயணிகள் அமர்ந்த நிலையில் எடை மேடையில் அளக்க வேண்டும்.

அங்கு கிடைக்கும் சீட்டில் உள்ள எண், பதிவுச் சான்றில் உள்ள எண்ணைவிட அதிகமாக இருந்தால், பொருட்களைக் குறைக்க வேண்டும் அல்லது இலகுவான அறைக்கு மாற வேண்டும். இரண்டும் இயலாதபோது, அந்த வாகனம் அந்த அறைக்கு உரியதல்ல.